பழைய குரல் வேண்டும் என்றீர்கள்!

சண்டை ஒரு பாட்டில்தான் ஆரம்பித்தது.

கயத்தாற்றுப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு சிற்றூர். என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர். 2024 பங்குனியில் அங்கே அம்மன் கோவில் கொடை. உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்துவிட்ட காலம். வெறிச்சோடிக் கிடந்த கரிசலில், வெடிப்புகளுக்கு மேலே காற்றாலைகள் மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு ஒருவர் தற்காலிகமாக டீக்கடை வைத்திருந்தார். அந்தப் பெஞ்சியில் நானும் என் தமக்கை மகனும் அவனுடைய மைத்துனனும் உட்கார்ந்திருந்தோம். தமக்கை மகன் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். மைத்துனன் சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். இருவருக்கும் ஒரே கடவுள், ஏ. ஆர். ரகுமான். கடவுள் ஒன்றாக இருந்தால் சமயச் சண்டை வராது என்று யார் சொன்னது?

வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் 'லால் சலாம்' படத்துப் பாட்டு ஒன்று வந்தது. பாதிப் பாட்டு முடிவதற்குள் தமக்கை மகன் கையை உதறினான்.

"போச்சு மாமா. பழைய ரகுமான் இல்ல இவரு. ஆளு தீந்துட்டாரு."

"ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லாதீக மச்சான். பத்துத் தடவ கேளுங்க. அப்புறம் தானா உள்ள எறங்கும்" என்றான் மைத்துனன்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் கடந்த இருபது வருஷங்களில் எத்தனை கலியாணப் பந்தலில், எத்தனை ரயில் பெட்டியில் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. ரகுமானின் புதிய படப்பாட்டு வெளிவருகிற ஒவ்வொரு முறையும் தமிழ்நாடு இந்த இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்கிறது. இசையைப் பற்றிய அபிப்பிராயம் போல அது தோன்றும். உண்மையில் இரண்டு கட்சிக்காரருமே பாட்டைக் கேட்பதில்லை என்பது என் கட்சி.

முதலில் 'பழைய ரகுமான்' கட்சியை எடுத்துக்கொள்வோம். 1992இல் 'ரோஜா' வந்தபோது நான் இருந்த தெருவில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இது சங்கீதமா? யந்திரச் சத்தம். கீபோர்டை வைத்துக்கொண்டு ஒரு பையன் விளையாடுகிறான். இளையராஜாவின் ஜீவன் இதிலே எங்கே?" என்றார்கள். சொன்னவர்கள் சங்கீத ஞானம் இல்லாதவர்கள் அல்ல. நல்ல ரசிகர்கள்தான். அதே இளையராஜா 1986இல் 'விக்ரம்' படத்துக்கும் 'புன்னகை மன்னன்' படத்துக்கும் மின்னணு வாத்தியங்களைக் கொண்டுவந்தபோது, "ஐயோ, தவிலும் உறுமியும் எங்கே?" என்று கேட்டவர்களும் அவர்களே. ஆக, எதை ஜீவன் இல்லாதது என்று தள்ளினார்களோ அதையே பத்து வருஷம் கழித்து ஜீவன் என்று கட்டிக்கொண்டு, அடுத்ததைத் தள்ளினார்கள். இன்று 'ரோஜா'வின் அந்த யந்திரச் சத்தத்தைத்தான் என் தமக்கை மகன் 'பழைய ரகுமான்' என்று கண்ணீர் மல்கச் சொல்கிறான்.

அவனுக்கு வேண்டியது ரகுமானா? இல்லை. கல்லூரியில் படித்தபோது கோவில்பட்டி பஸ் நிலையத்தில், கடலை மிட்டாய்க் கடை வாசலில் நின்றுகொண்டு ஒரு பாட்டைக் கேட்டானே, அந்த மாலைப் பொழுது அவனுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பொழுதில் அவனுக்குக் கடன் கிடையாது, சர்க்கரை வியாதி கிடையாது. எதிர்ப் பக்கத்துப் பஸ்ஸில் யாரோ ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அதை எந்த இசையமைப்பாளராலும் கொடுக்க முடியாது. முடியாததைக் கேட்டுவிட்டு, கொடுக்கவில்லை என்று வைகிறான்.

மற்றக் கட்சி இதைவிட மோசம். "பத்துத் தடவை கேட்டால் பிடிக்கும்" என்பது ரசனையா? கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு ராத்திரி வண்டிச் சத்தம் பழகிப்போகிறது; வண்டி தாமதமானால்தான் அவனுக்குத் தூக்கம் கலையும். அதற்காக ரயில் சத்தத்தை ராகம் என்று சொல்லிவிடலாமா? சில பாட்டுக்கள் மெல்ல மெல்லத்தான் திறக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பதற்கு முன்பே பிடித்தாக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, பிடிக்கிறவரையில் காதைப் பழக்குகிறவன் ரசிகன் அல்ல. சந்நிதியில் விழுந்து கிடக்கிற பக்தன். பக்தனிடமிருந்து ஒரு கலைஞனுக்கு எந்தப் பயனும் இல்லை. 'இது சரியில்லை' என்று சொல்லத் தெரியாதவன் 'இது நன்றாயிருக்கிறது' என்று சொல்வதை எப்படி நம்புவது?

2022இல் 'பொன்னியின் செல்வன்' முதற்பாகத்துப் பாட்டுக்கள் வந்தபோதும் இதே கூத்துத்தான். சோழர் காலத்து ஒலி இல்லையே என்று ஒரு சாரார் குறைப்பட்டுக்கொண்டார்கள். நம்மில் பலரும் கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த அந்தத் தொடரைப் பிற்காலத்தில் புத்தகமாகக் கட்டி வைத்துப் படித்து வளர்ந்தவர்கள். வந்தியத்தேவன் குதிரைக்கு எந்தத் தாளம் என்பது நமக்கு மனப்பாடம்! ராஜராஜன் காலத்தில் என்ன ஒலித்தது என்பதைக் கேட்ட காது எதுவும் இன்று உயிரோடு இல்லை என்பதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அந்தப் படத்தின் பின்னணி இசைக்கு 2024இல் தேசிய விருது அறிவித்தார்கள். உடனே பக்தர் கட்சி, "பார்த்தீர்களா?" என்றது. விருது வந்த பிறகு பாட்டு மாறிவிட்டதா, என்ன?

இப்படி நான் இரண்டு பேரையும் மனசுக்குள் வைதுகொண்டிருந்தபோது, மரத்தடியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ரேடியோ செட்காரர் எழுந்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இசைத்தட்டு, காஸெட், வட்டத்தகடு என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்து, இப்போது கட்டைவிரல் அளவுச் சிமிழில் ஆயிரம் பாட்டை வைத்திருக்கிறவர்.

"ஏங்க அண்ணாச்சி, இதுல பாடுதது சாகுல் அமீதுல்லா? அவரு செத்து எம்புட்டோ வருசமாச்சே! எங்கன வந்து பாடுனாரு?"

"அது கம்ப்யூட்டர்ல செஞ்சது" என்றான் சென்னை மைத்துனன். சொல்லிவிட்டு மறுபடியும் பழைய ரகுமான், புது ரகுமான் சண்டைக்குத் திரும்பிவிட்டான்.

செட்காரர் அப்படியே நின்றார். எனக்கும் டீ இறங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சண்டையில் பேச வேண்டிய ஒரே விஷயம் அதுதான். அதை இருவரும், இலையில் விழுந்த தூசியைத் தட்டுவது போலத் தட்டிவிட்டார்கள்.

விஷயத்தை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 'லால் சலாம்' படம் 2024 பிப்ரவரி 9ஆம் தேதி வெளிவந்தது. அதிலே 'திமிறி எழுடா' என்று ஒரு பாட்டு. பாடியவர்கள் பட்டியலில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது என்கிற பெயர்களும் இருக்கின்றன. பாக்யா காலமானது 2022 செப்டம்பரில். சாகுல் ஹமீது 1997இல் சாலை விபத்தில் மாண்டவர். அவர்கள் என்றோ பாடி வைத்துப் பெட்டியில் கிடந்த பாட்டு அல்ல இது. அவர்கள் வாழ்நாளில் காணாத மெட்டு, காணாத சொற்கள். செயற்கை நுண்ணறிவு என்கிற புதிய வித்தையால் அவர்களுடைய குரல் செய்யப்பட்டது. இரு குடும்பத்தாரிடமும் சம்மதம் பெற்று, தக்க ஊதியமும் கொடுத்ததாக ரகுமானே அறிவித்தார். சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது அவர் நிலை. அவர் ஒளித்துச் செய்யவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். இதே காலத்தில் மறைந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை, குடும்பத்தைக் கேட்காமலே ஒரு தெலுங்குப் படத்தில் இப்படிச் செய்துவிட்டார்கள் என்று அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது. அதோடு ஒப்பிட்டால் ரகுமான் செய்தது முறையான காரியம்.

முறையான காரியந்தான். சட்டம் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை. என் வழக்கு சட்டத்தோடு அல்ல.

இந்தச் சாகுல் ஹமீது யார்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சினிமாவில் மெருகேற்றிய குரல்கள் மட்டுமே வாழ முடியும் என்றிருந்தபோது, ரகுமான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த கரடுமுரடான தொண்டை அது. 'ஜென்டில்மேன்', 'காதலன்', 'வண்டிச்சோலை சின்னராசு' படங்களில் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அதிலே வண்டிப்பாதைப் புழுதி இருக்கும். 1993இல் வந்த 'திருடா திருடா'வின் 'ராசாத்தி' பாட்டை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாட்டில் வாத்தியம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, மனிதக் குரல்கள்தாம். 'யந்திரப் பையன்' என்று பெயர் வாங்கியவர், யந்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு தொண்டையை மட்டும் நம்பினார்! பாக்யாவும் அப்படியே. வருஷக்கணக்காகச் சின்னச் சின்ன வேலை செய்துகொண்டிருந்த மனிதர். 2018இல் 'சர்கார்', '2.0' படங்களில் அந்தக் கனத்த குரல் வெளியே வந்தபோது, "யாரப்பா இது?" என்று ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2022 ஜூலை முடிவில் 'பொன்னி நதி' பாட்டு வெளியாயிற்று. அதில் அவர் குரலைக் கேட்டு நாம் ஆடி முடிப்பதற்குள், அடுத்த மாதம் கழிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரகுமானின் பெருமை எது என்று என்னைக் கேட்டால், 2009இல் வாங்கிய இரண்டு ஆஸ்கார் பொம்மைகள் என்று சொல்லமாட்டேன். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த தொண்டைகளை உள்ளே அழைத்தாரே, அதுதான் பெருமை. அப்படி வாசலைத் திறந்தவர் இப்போது மயானத்துக்கு ஆள் அனுப்ப வேண்டிய நிலை ஏன் வந்தது?

நாம்தான் காரணம் என்கிறேன். "பழைய ரகுமான் வேண்டும், அந்தப் பழைய குரல் வேண்டும், அந்த நாள் மாதிரி ஒரு பாட்டு வேண்டும்" என்று இருபது வருஷமாகக் கொடை மேளம் போலக் கொட்டினோமே, அது யந்திரத்தின் காதில் விழுந்துவிட்டது. யந்திரம் நல்ல வேலைக்காரன். கேட்டதைக் கொண்டுவந்து வைத்தது. 'பழையது வேண்டும் என்றீர்களே, இதோ, 1997இல் செத்தவரே வந்திருக்கிறார்' என்றது. அப்போதும் என் தமக்கை மகனுக்குத் திருப்தி இல்லை! "பழைய ரகுமான் இல்லை" என்கிறான். பிணத்தை எழுப்பிக் கொண்டுவந்த பிறகும் 'பழசு போல இல்லையே' என்று மூக்கைச் சுளிக்கிறவனை என்ன செய்வது? அவனுக்குப் பக்கத்தில் மற்றவன் "பத்துத் தடவை கேளுங்கள்" என்கிறான். செத்தவர் பாடுவதற்கும் பத்துத் தடவை!

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று விசாரித்தேன். அதிலே ஒரு சங்கதி இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. யந்திரம் சும்மா இருந்தபடி பாடிவிடுவதில்லை. வழக்கமான முறையில், உயிரோடிருக்கிற ஒரு பாடகர் முதலில் பாட வேண்டும். மூச்சு, அழுத்தம், சொல்லை எங்கே இழுப்பது, எங்கே விடுவது எல்லாம் அவருடையது. இறந்தவரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகிய யந்திரம், அந்த உயிருள்ள குரலின் மேல் இறந்தவரின் குரலைப் போர்த்துகிறது. அதாவது, செத்தவர் குரலுக்கு அடியில் உயிருள்ள ஒரு தொண்டை இருக்கிறது, அதை மூடிவிட்டார்கள். நாம் போர்வையைப் பார்த்துக் கைதட்டுகிறோம். போர்வைக்கு உள்ளே இருப்பவன் யார் என்று எந்த ரசிகன் கேட்டான்?

"தமிழ் சினிமாவில் இரவல் குரல் என்ன புதுசா? சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் டி. எம். சௌந்தரராஜன் பாடவில்லையா?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். பாடினார். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலமும் இரவல் கொடுத்தார். 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் ஜெமினி கணேசன் நாகசுரத்தை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்க, ஊதியது காருகுறிச்சியார். கூடவே ஜானகி பாடினார். நடிகர் ஊதவில்லை என்பது கொட்டகையிலிருந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது உயிரோடிருந்தவர் உயிரோடிருந்தவருக்குக் கொடுத்த இரவல். காருகுறிச்சியார் பெயர் இசைத்தட்டில் இருந்தது. இரண்டு வருஷத்தில், 1964இல் அவர் மறைந்தபோது, அந்தப் பெயருக்காக ஊர் அழுதது. போர்வைக்கு உள்ளே இருப்பவன் செத்தால் யார் அழுவார்கள்? அவன் இருந்ததே தெரியாதே!

கயத்தாற்றுக்காரர்களுக்கு இந்தக் குரல் விவகாரம் வேறொரு வகையில் பழக்கமானது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி மேஜர் பானர்மேன் அந்த ஊரில் வைத்துத்தான் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டான். கட்டபொம்மன் குரல் எப்படி இருந்தது? யாருக்கும் தெரியாது. ஆனால் கயத்தாற்றில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கட்டபொம்மன் எப்படிப் பேசினான் என்று மார்பை நிமிர்த்திப் பேசிக் காட்டும். அது சிவாஜி கணேசன் குரல். பந்துலுவின் படம் 1959இல் வந்தது. அன்றிலிருந்து கட்டபொம்மனுக்கு அந்தக் குரல்தான். அதற்கு முன்னால், நூற்றைம்பது வருஷமாக, கதைப்பாடல் பாடியவனும் வில்லடித்தவனும் தன் தன் தொண்டையைக் கொடுத்துக் கட்டபொம்மனைப் பேச வைத்தார்கள். ஒவ்வொருவன் கட்டபொம்மனும் ஒவ்வொரு விதமாகப் பேசினான். ஒருவன் குரல் கட்டையாக இருந்தால் கட்டபொம்மனுக்கும் அன்று தொண்டை கட்டிக்கொண்டது! சிவாஜியும் அந்த வரிசையில் ஒரு வில்லுப்பாட்டுக்காரர்தான். மிகப் பெரிய வில்லுப்பாட்டுக்காரர். தொண்டையை மட்டுமா கொடுத்தார்? கயத்தாற்றில் நிலம் வாங்கி, 1970இல் சிலையும் வைத்துக் கடனைத் தீர்த்தார்.

இறந்தவனுக்கு உயிரோடிருப்பவன் குரல் கொடுப்பது நம் மரபு. உயிரோடிருப்பவன் குரலைப் பிடுங்கி, அதன் மேல் இறந்தவனைப் போர்த்துவது மரபு அல்ல. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், திசைதான் வேறு. முதலாவதில் புதிதாக ஒருவன் பிறக்கிறான். இரண்டாவதில் ஒருவன் காணாமற் போகிறான்.

உடனே என்னை யந்திர விரோதி என்று முத்திரை குத்திவிட வேண்டாம். கரிசல் பூமியில் பிறந்தவன் அப்படிப் பேசக் கூடாது. இந்தச் சீமையிலேதான், எட்டயபுரம் சமஸ்தானத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வித்துவானாக இருந்தார். பரங்கியர் வாத்தியமான பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர். அண்ணனோ, வெள்ளைக்காரப் பாண்டு வாத்திய மெட்டுக்களுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியவர். 1835இல் எட்டயபுரத்திலேயே கண்ணை மூடினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? கீபோர்டும் ஒருநாள் அப்படி ஆகலாம், ஆகட்டும். ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் என்று ஒரு கோஷ்டி. 1970இல் தொடங்கி, மின்னணு ஒலியே சங்கீதம் என்று நின்றவர்கள். அவர்கள் தங்கள் உருவத்தில் பொம்மைகள் செய்து, தங்களுக்குப் பதிலாக மேடையில் நிறுத்தினார்கள். 1986க்குப் பிறகு 2003இல்தான் முழுக்கப் புதிய இசைத்தட்டு கொண்டுவந்தார்கள். பதினேழு வருஷம்! நம்மூர் ரசிகனாக இருந்தால் அதற்குள் பதினேழு தடவை அவர்களுக்குக் கருமாதி செய்திருப்பான். அந்தப் பொம்மைகளைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. அவை யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

2023 நவம்பரில் பீட்டில்ஸ் கோஷ்டி 'நவ் அண்ட் தென்' என்றொரு பாட்டை வெளியிட்டது. 1980இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லெனன் அதிலே பாடுகிறார். அதிலும் யந்திரத்துக்கு வேலை இருந்தது. ஆனால் அந்தக் குரல், லெனன் தம் வீட்டிலே பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து தாமே பாடிக் காஸெட்டில் பதிந்து வைத்தது. யந்திரம் இரைச்சலையும் பியானோவையும் விலக்கிக் குரலைத் தனியே எடுத்துக் கொடுத்தது. கிணற்றைத் தூர்வாருவது ஒன்று; இல்லாத கிணற்றில் தண்ணீர் இருப்பதாகக் கணக்கு எழுதுவது வேறொன்று.

ஒரு பாட்டை மட்டும் என்னால் இந்த வழக்கில் நிறுத்த முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பவதாரிணி 2024 ஜனவரி 25ஆம் தேதி இறந்துபோனார். நம் எட்டயபுரத்துக் கவிஞனைப் பற்றிய 'பாரதி' படத்தில் பாடி, தேசிய விருது வாங்கிய பெண். அதே வருஷம் ஜூனில் அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா, விஜய் படத்துப் பாட்டு ஒன்றில் அக்காவின் குரலை இதே யந்திரத்தால் வரவழைத்தார். கேட்டேன். இது கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சொல் வரவில்லை. துக்க வீட்டில் ஒரு தம்பி என்ன செய்கிறான் என்பதற்கு நான் யார் விதி எழுத? ஆனால் அது துக்கம். பாட்டு, துக்க வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து, டிக்கெட் வாங்கியவன் முன்னால் நின்றவுடன் அது தொழில் ஆகிவிடுகிறது. தொழில் என்றால் அங்கே இன்னொருவன் கூலியும் இருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் எனக்குக் கை நடுங்குகிறது. கோடே வேண்டாம் என்பவனோடு எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால் எதிர்க்கரையில் நிற்கிறவனை நான் அன்று ராத்திரியே பார்த்தேன்.

கொடைக்கு நையாண்டி மேளம் வந்திருந்தது. இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை. அந்தக் கோஷ்டியோடு இருபது வயதிருக்கும் ஒரு பையன் வந்திருந்தான். தவிற்காரரின் மகன். பகலில் காற்றாலைக் கம்பெனிக்குக் காவல் வேலை பார்க்கிறானாம். சாமம் தாண்டியதும், மேளக்காரர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, அவன் மைக்கைப் பிடித்தான். என்ன குரல் என்கிறீர்கள்? அடிவயிற்றிலிருந்து வருகிற, உப்புக்கல் உரசினாற்போன்ற குரல். சாகுல் ஹமீதின் குரல் மாதிரி இல்லை. பாக்யா மாதிரியும் இல்லை. அது வேறு. கோடையில் வெடித்த கரிசலில் முதல் மழை விழுந்தால் ஒரு வாசனை வருமே, அப்படி ஒரு குரல். பயிற்சி போதாது, சுருதி அங்கங்கே நழுவியது.

செட்காரர் என் காதோரம் வந்தார். "போன வருசம் மெட்ராசுக்குப் போயி ரெண்டு மூணு எடத்துல பாடிக் காட்டுனான் அண்ணாச்சி. 'கொரல் நல்லாருக்கு, ஆனா இன்னாரு மாதிரி பாடு'ன்னாகளாம். இவனுக்கு இன்னாரு மாதிரி பாட வரல. திரும்பி வந்துட்டான்."

இன்னார் மாதிரி! அந்தச் சொல்லை யார் அவர்கள் வாயில் போட்டது? பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவன் தானாக அதைக் கண்டுபிடிக்கவில்லை. டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து நாம் சொன்னது. அதுதான் சுற்றிச் சுற்றிப் போய், அந்தப் பையனிடம் திரும்பி வந்திருக்கிறது. 1992இல் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் கோடம்பாக்கத்து வீட்டில் யந்திரங்களோடு உட்கார்ந்திருந்தபோது அவனிடம் யாராவது 'இன்னார் மாதிரி செய்' என்று சொல்லி, அவனும் கேட்டிருந்தால், என் மருமகனுக்கு இன்று அழுவதற்குப் பழைய ரகுமானே இருந்திருக்கமாட்டார். அன்று ரகுமானுக்கு 'மாதிரி' வேண்டியிருக்கவில்லை. சாகுல் ஹமீதுக்கும் வேண்டியிருக்கவில்லை. இந்தப் பையனிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

'லால் சலாம்' பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது. தாளம் உடம்பை அசைக்கிறது. ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு வேகம் வருவது எளிதல்ல. தீர்ந்துபோன ஆள் செய்கிற காரியம் அல்ல அது. அந்த இரண்டு குரல்கள் வருகிற இடத்தில் மட்டும் எனக்கு ஏதோ இடறியது. முதலில், விஷயம் தெரிந்ததால் வந்த பிரமை என்று நினைத்தேன். பிறகு மறுபடி கேட்டேன். பழைய பாட்டில் சாகுல் ஹமீது ஒரு சொல்லின் முடிவில் மூச்சை விடும்போது, அடுத்த சொல்லுக்குத் தாவப் போகிற ஓர் ஆவல் தெரியும். இவன் இதை எப்படி முடிக்கப் போகிறான் என்று நாமும் கூடவே மூச்சைப் பிடிப்போம். இந்தப் பாட்டில் என் மூச்சு நிற்கவில்லை. அவர் தவற வழியே இல்லை என்பது என் காதுக்குத் தெரிந்திருந்தது.

பையன் பாடிக்கொண்டிருந்தான். சாமக் காற்றில் ஸ்பீக்கர் குழாய் லேசாக ஆடியது. உச்சஸ்தாயிக்குப் போகிற இடம் வந்தது. செட்காரர் எழுந்து, பெட்டியில் ஏதோ ஒரு திருகைக் குறைத்து, எதிரொலியை நிறுத்தினார். "சுத்தமா வரட்டும்" என்றார். பையன் ஏறினான். மேலே போய் ஒரு கணம் நின்றது. பிறகு குரல் பிசிறியது. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரித்தவர்களைப் பார்த்துவிட்டு, அதே இடத்தை மறுபடி எடுத்தான்.

டீக்கடைப் பெஞ்சியில் பழைய கட்சியும் பக்தர் கட்சியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தன.